நுரையீரலில் சிறு கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள்பட்ட இருமல், விபத்து, அறுவை சிகிச்சைக்கு முந்தைய சோதனை, கொரோனா காலத்து ஸ்கேன் என வேறு ஏதோ காரணத்துக்காக மார்பை சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களில் பலர், அறிக்கையின் கடைசிப் பகுதியில் 'வலது மேல் மடலில் 6 மி.மீ. நோடியூல்' என்பது போன்ற ஒரு வரியைக் கண்டு கலங்கிப்போகிறார்கள். அந்த வரியின் பொருளையும், அதற்குப் பிறகு என்ன செய்வது, எதைச் செய்யாமலிருப்பது என்பதையும் இந்தக் கேள்வி பதில்கள் விளக்குகின்றன. இவை பொதுவான விளக்கங்களே. ஒருவருடைய ஸ்கேனை நேரில் பார்த்து மருத்துவர் சொல்வதற்கு இவை மாற்றாகா.

நோடியூல் என்று எதைக் குறிப்பிடுகிறார்கள்?

காற்று நிறைந்திருப்பதால் ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும் நுரையீரலுக்குள், ஏறத்தாழ உருண்டையாக, வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும் 3 செ.மீ. வரையிலான புள்ளியை நோடியூல் என்கிறார்கள். அதற்கு மேற்பட்ட அளவுடையதைப் பெரிய கட்டி என்று வேறாக வகைப்படுத்துவார்கள். அதில் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிக அதிகம் என்பதால் அதை அணுகும் முறையும் வேறு. இங்கே பேசப்படுவது சிறு கட்டிகளைப் பற்றி மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை 1 செ.மீ.க்குக் குறைவானவை, 5 மி.மீ. என்பது ஏறத்தாழ ஒரு மிளகின் அளவு. சிறு கட்டி என்பது ஸ்கேனில் கண்ட ஒரு தோற்றம், அவ்வளவே. எந்த நோயால் அது உண்டாயிற்று என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

அப்படியானால் இது புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து புகைபிடித்த, 55 முதல் 74 வயது வரையிலான 53,454 பேரைக் கொண்டு நடத்தி 2011இல் முடிவுகளை வெளியிட்ட தேசிய நுரையீரல் திரையிடல் (அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேடும் சோதனை) ஆய்வில், சி.டி. ஸ்கேனில் சந்தேகத்துக்குரியதாகக் குறிக்கப்பட்டவற்றுள் 96 விழுக்காட்டுக்கு மேல் புற்றுநோய் அல்ல என்று தெரியவந்தது. புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகுந்தவர்களிடையே கண்ட நிலை அது. புகைபிடிக்காத, 40 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குத் தற்செயலாகத் தெரிந்த 4 மி.மீ. புள்ளி புற்றாக இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அதே நேரத்தில், நீண்ட காலம் புகைபிடித்த 65 வயதுக்காரருக்கு நுரையீரலின் மேல் மடலில் (மேற்பகுதியில்) இருக்கும் 18 மி.மீ. கட்டியை 'ஒன்றுமில்லை' என்று ஒதுக்குவதும் தவறு. ஆகவே பொதுவான விழுக்காட்டைக் கேட்டு ஆறுதல் கொள்வதை விட, தம்முடைய கட்டி எந்த வகையில் சேரும் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே பயன் தரும்.

புற்று இல்லையென்றால் வேறு என்னவாக இருக்கலாம்?

இந்தியாவில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். உலகில் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நோய்க்கிருமி உடலில் நுழைந்தும் நோயாக வெளிப்படாமல், உடலே அதை மடக்கி ஆறவைத்த வடு பலருடைய நுரையீரலில் அவர்கள் அறியாமலேயே இருக்கிறது. நாளடைவில் அதில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டுவிடும். இத்தகைய வடுவுக்கு மருந்தும் தேவையில்லை, அச்சமும் தேவையில்லை.

அடுத்து, நுரையீரலின் மடல்களைப் பிரிக்கும் சவ்வை ஒட்டி முக்கோண வடிவிலோ தட்டையாகவோ தெரியும் சிறு நிணநீர்க் கணுக்கள். இவை இயல்பானவை. அண்மையில் வந்துபோன நிமோனியாவின் எச்சம், பூஞ்சைத் தொற்று, ஹமர்டோமா எனப்படும் தீங்கற்ற கட்டி, முடக்குவாதத்தோடு சேர்ந்து வரும் கணுக்கள், கல்குவாரியிலும் கல் உடைக்கும் ஆலைகளிலும் பல்லாண்டு தூசியைச் சுவாசித்தவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ், ஆடு, நாய் வழியாகப் பரவும் நாடாப்புழுவால் உண்டாகும் நீர்க்கட்டி, இரத்தக்குழாய்களின் பிறவிக் கோளாறு ஆகியவையும் ஸ்கேனில் இப்படித் தெரியலாம். வேறோர் உறுப்பில் ஏற்கெனவே புற்றுநோய் வந்தவருக்கு, அது நுரையீரலுக்குப் பரவியதன் அடையாளமாகவும் இருக்கலாம். அத்தகையவருக்குக் கீழே சொல்லப்படும் கால அட்டவணைகள் பொருந்தா.

எக்ஸ்ரேயில் தெரியாதது ஸ்கேனில் மட்டும் எப்படித் தெரிகிறது?

1 செ.மீ.க்குக் குறைவான கட்டிகள் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் புலப்படுவதில்லை. விலா எலும்பு, இதயம், இரத்தக்குழாய்கள் ஆகியவற்றின் நிழலில் அவை மறைந்துவிடும். சி.டி. ஸ்கேன் உடலை மெல்லிய அடுக்குகளாகக் காட்டுவதால் 2, 3 மி.மீ. புள்ளியும் தப்புவதில்லை. எனவே 'போன வருடம் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, இப்போது கட்டி வந்துவிட்டது' என்று முடிவு கட்டக் கூடாது. போன வருடமும் அது அங்கேயே இருந்திருக்கலாம்.

இவ்வளவு சிறிய கட்டியால் இருமலோ மூச்சுத்திணறலோ வருமா?

வராது என்றே கொள்ளலாம். இருமலுக்காக ஸ்கேன் எடுத்தபோது 5 மி.மீ. கட்டி தெரிந்தது என்றால், இருமலுக்குக் காரணம் வேறு. அதற்குத் தனியே சிகிச்சை பெற வேண்டும். ஆனால் சளியில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, மாலைநேரக் காய்ச்சல், குரல் கம்மல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், அடுத்த ஸ்கேனுக்குக் குறித்த நாள் வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவர் எவற்றைக் கொண்டு முடிவு செய்கிறார்?

முதலில் அளவு. பிறகு ஓரம்: வழவழப்பான ஓரம் ஓரளவு நம்பிக்கை தரும்; முட்கள் நீட்டிக்கொண்டிருப்பது போன்ற ஓரம் சந்தேகத்தை எழுப்பும். சுண்ணாம்புப் படிவு கட்டி முழுவதும் பரவியிருந்தாலோ, நட்ட நடுவில் இருந்தாலோ, வளையம் வளையமாக இருந்தாலோ அது தீங்கற்றது என்பதற்கு வலுவான சான்று. ஒரு பக்கமாக ஒதுங்கியோ துகள் துகளாகவோ இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. கட்டிக்குள் கொழுப்பு இருப்பது தெரிந்தால் அது பெரும்பாலும் ஹமர்டோமா. இடமும் முக்கியம்: நுரையீரல் புற்று மேல் மடல்களில் அதிகம் தோன்றுகிறது. காசநோயும் அங்கேதான் அதிகம் வருகிறது என்பதால் நம் நாட்டில் இந்தக் குறிப்பு மட்டும் போதாது.

இவற்றோடு வயது, புகைப்பழக்கம், பீடியா சிகரெட்டா, எத்தனை ஆண்டுகள், குடும்பத்தில் யாருக்காவது நுரையீரல் புற்று இருந்ததா, செய்த வேலை என்ன, நுரையீரலில் எம்ஃபைசீமா (காற்றுப்பைகள் சிதைந்த நிலை) உண்டா என்பவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இவற்றுள் பலவற்றை உள்ளிட்டுப் புற்றுக்கான வாய்ப்பை விழுக்காடாகக் கணக்கிட்டுத் தரும் மேயோ, பிராக் போன்ற கணக்கீட்டு முறைகள் உண்டு. ஆனால் அவை காசநோய் குறைந்த நாடுகளின் நோயாளிகளை வைத்து உருவாக்கப்பட்டவை. ஆகவே இங்கே அந்த எண்ணை அப்படியே ஏற்காமல் வழிகாட்டியாக மட்டும் கொள்வது நல்லது.

பழைய ஸ்கேனை ஏன் மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் சொல்லப்படுபவற்றுள் நோயாளியின் கையில் இருக்கும் மிக வலுவான கருவி அதுதான். திடமான (உள்ளே முழுவதும் அடர்த்தியாகத் தெரியும்) ஒரு கட்டி இரண்டு ஆண்டுகளாக அளவு மாறாமல் இருக்கிறது என்று பழைய ஸ்கேன் காட்டினால், அது தீங்கற்றது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். பெட் ஸ்கேனும் (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் செல்களைக் காட்டும் ஸ்கேன்) திசு எடுக்கும் ஊசியும் இல்லாமலேயே விடை கிடைத்துவிடுகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவுக்காக சி.டி. ஸ்கேன் எடுத்தவர்கள் ஏராளம். அந்தப் படங்கள் இப்போது பெரிதும் உதவுகின்றன. வயிற்றுக்காக எடுத்த ஸ்கேனில்கூட நுரையீரலின் கீழ்ப்பகுதி பதிவாகியிருக்கும்.

அறிக்கைத் தாளை மட்டும் பத்திரப்படுத்துவது போதாது. அச்சிட்ட படத்தாளில் எல்லா அடுக்குகளும் இருப்பதில்லை. ஸ்கேன் மையத்தில் 1 அல்லது 1.5 மி.மீ. மெல்லிய அடுக்குகள் முழுவதும் பதிந்த சி.டி. வட்டு அல்லது பென் டிரைவ் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சில மையங்கள் படங்களைச் சில மாதங்களில் அழித்துவிடுவதால், கேட்க வேண்டிய நேரம் ஸ்கேன் எடுத்த அன்றுதான். அடுத்தடுத்த ஸ்கேன்களைக் கூடுமானவரை ஒரே மையத்தில் எடுத்தால் ஒப்பிடுவது எளிது.

ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். அதற்குள் புற்று பரவிவிடாதா?

இந்தக் காத்திருப்பு அலட்சியத்தால் வருவதன்று. கட்டி வளரும் வேகத்தைக் கொண்டு வகுக்கப்பட்ட கணக்கு அது. திடமான புற்றுக்கட்டியின் கன அளவு இருமடங்காக ஏறத்தாழ 100 முதல் 400 நாட்கள் பிடிக்கும். 20 நாட்களுக்குள் இருமடங்கானால் அது பெரும்பாலும் தொற்று. கன அளவு இருமடங்காவது என்பது குறுக்களவு சுமார் 26 விழுக்காடு மட்டுமே கூடுவது. அதாவது 8 மி.மீ. கட்டி 10 மி.மீ. ஆவது. ஸ்கேனை அளக்கும்போதே ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாகப் பிழை வரலாம் என்பதால், 2 மி.மீ.க்குக் குறைந்த வேறுபாட்டை வளர்ச்சி என்று கொள்வதில்லை. மிகச் சிறிய கட்டியை ஒரே மாதத்தில் மறுபடி படமெடுத்தால், அது வளர்கிறதா இல்லையா என்பதை அந்தப் படத்தாலும் சொல்ல முடியாது. பணமும் மன அமைதியும்தான் செலவாகும்.

எந்த அளவுக்கு எப்போது மறு ஸ்கேன்?

உலகெங்கும் பரவலாகப் பின்பற்றப்படுவது, மார்புப் படங்களை ஆராயும் வல்லுநர்களின் பன்னாட்டு அமைப்பான ஃப்ளீஷ்னர் சங்கம் 2017இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல். 35 வயதுக்கு மேற்பட்ட, புற்றுநோய் வரலாறும் நோய் எதிர்ப்புக் குறைபாடும் இல்லாதவர்களுக்கு உரியது அது. அதன்படி, 6 மி.மீ.க்குக் குறைவான ஒற்றைத் திடக் கட்டிக்குப் புற்று வாய்ப்புக் குறைந்தவருக்கு மறு ஸ்கேனே தேவையில்லை. வாய்ப்பு மிகுந்தவருக்கு 12 மாதங்கள் கழித்து ஒரு முறை எடுத்துப் பார்க்கலாம். 6 முதல் 8 மி.மீ. வரை என்றால் 6 முதல் 12 மாதங்களுக்குள் ஒரு முறையும், தேவைப்பட்டால் 18 முதல் 24 மாதங்களுக்குள் மீண்டும் ஒரு முறையும். 8 மி.மீ.க்கு மேல் என்றால் 3 மாதத்தில் மறு ஸ்கேன், பெட் ஸ்கேன், திசுப் பரிசோதனை ஆகியவற்றுள் எது பொருந்தும் என்பதை மருத்துவரும் நோயாளியும் கலந்து முடிவெடுக்க வேண்டும். பல கட்டிகள் இருந்து அவற்றுள் ஒன்றாவது 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், முதல் மறு ஸ்கேன் 3 முதல் 6 மாதங்களுக்குள்.

இந்த மறு ஸ்கேன்களுக்கு நரம்பில் சாய மருந்து செலுத்த வேண்டியதில்லை. குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் ஸ்கேனே போதும்.

'கிரவுண்ட் கிளாஸ்' என்று எழுதியிருந்தால்?

அடியிலுள்ள இரத்தக்குழாய்களை மறைக்காமல் மங்கலான வெண்மையாகத் தெரியும் கட்டியை அப்படிக் குறிப்பார்கள். தொற்றினால் வந்ததாக இருந்தால் சில மாதங்களில் தானே மறைந்துவிடும். மறையாமல் நிலைத்திருந்தால், மிக மெதுவாக வளரும் அடினோகார்சினோமா வகைப் புற்றின் தொடக்க நிலையாக இருக்கலாம். இருமடங்காகவே இரண்டு, மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால் இரண்டாண்டுக் கணக்கு இதற்குப் பொருந்தாது. 6 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்டதை 6 முதல் 12 மாதங்களில் ஒரு முறையும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாக ஐந்தாண்டுகள் வரையிலும் பார்க்க வேண்டும். மங்கலான பகுதிக்கு நடுவே திடப்பகுதியும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். முதல் மறு ஸ்கேன் 3 முதல் 6 மாதங்களுக்குள். அந்தத் திடப்பகுதி வளர்கிறதா என்பதே அங்கே கேள்வி.

'எதற்கும் காசநோய் மாத்திரை ஆறு மாதம் போட்டுப் பார்ப்போம்' என்கிறார்களே?

ஸ்கேனில் தெரிந்த நிழலை மட்டும் வைத்துக்கொண்டு காசநோய் மருந்தைத் தொடங்குவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் இடத்தில் அந்த எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் அதன் விலை பெரிது. அந்தக் கட்டி புற்றாக இருந்தால், அறுவை சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய மாதங்கள் மாத்திரை விழுங்குவதிலேயே கழிந்துவிடும். காசநோய் என்று எண்ணி மருந்து கொடுத்து, பின்னர் நுரையீரல் புற்று என்று தெரிந்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. பழைய ஆறிய வடுவாக இருந்தால், கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகளைத் தேவையே இல்லாமல் உட்கொண்டதாகிவிடும்.

ஆகவே மாத்திரைக்கு முன் சான்று தேடுவதே முறை. சளி வந்தால் அதை நுண்ணோக்கிச் சோதனைக்கும் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம், நோய் உறுதியானால் மருந்தும் இலவசம். சிறு கட்டியாக மட்டும் இருக்கும் காசநோயில் சளியில் கிருமி தெரியாமல் போவது உண்டு; அப்போது திசுவை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை இங்கே அதிகம் உதவாது. கிருமி உடலில் என்றோ நுழைந்திருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். இந்தியாவில் பெரியவர்களில் மிகப் பலருக்கு அது அப்படித்தான் இருக்கிறது.

லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை 'ஒரு கோர்ஸ்' கொடுத்துப் பார்ப்பதும் நல்லதன்று. காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கிவிடும் மருந்து அது. நோய் மறைந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

பெட் ஸ்கேனில் 'ஒளிர்ந்தால்' புற்று என்று பொருளா?

இல்லை. சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் செல்கள் எங்கே இருக்கின்றன என்பதைத்தான் பெட் ஸ்கேன் காட்டுகிறது. புற்றுச்செல்கள் மட்டுமின்றி, காசநோயையும் பூஞ்சையையும் எதிர்த்து நிற்கும் நம் உடற்செல்களும் அதே அளவு உறிஞ்சும். மறுபுறம், 8 மி.மீ.க்குக் குறைந்த கட்டிகளிலும், கார்சினாய்டு (மெதுவாக வளரும் ஒரு வகைக் கட்டி), கிரவுண்ட் கிளாஸ் வகைகளிலும் புற்று இருந்தும் ஒளிராமல் போகலாம். இந்தக் காரணத்தால்தான் 2016இல் ஆசிய வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், காசநோய் மிகுந்த நாடுகளில் பெட் ஸ்கேனை அதிகம் நம்பாமல் திசுப் பரிசோதனைக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. ஆனால் புற்று என்று உறுதியான பிறகு, அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்று அறிவதற்குப் பெட் ஸ்கேன் இன்றியமையாதது.

ஊசி குத்தித் திசு எடுத்தால் கட்டி கிளறப்பட்டுப் பரவிவிடும் என்கிறார்களே?

ஊசி சென்ற பாதையில் புற்று பரவுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. இந்த அச்சத்தால் பயாப்சி எனப்படும் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் வரும் இழப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். உண்மையில் நேரக்கூடிய சிக்கல் வேறு: சி.டி. வழிகாட்டுதலில் ஊசி செலுத்தும்போது நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது. ஆறேழு பேரில் ஒருவருக்கு இது நிகழலாம். பெரும்பாலோருக்கு அது தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் மார்பில் குழாய் வைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டிவரும். எம்ஃபைசீமா உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்புக் கூடுதல். இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியிருந்தால் பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாயைச் செலுத்தும் முறை) வழியாகவும் எடுக்கலாம். எவ்வழியில் எடுத்தாலும் ஒன்றை நினைவூட்டலாம்: எடுத்த திசு முழுவதையும், திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமி அதில் இறந்துவிடும், பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதியை ஃபார்மலினிலும் இன்னொரு பகுதியைச் சலைனிலும் அனுப்பச் சொல்லிக் கேட்பது, இரண்டாவது முறை ஊசி போடுவதைத் தவிர்க்கும்.

மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுப்பதால் கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

வழக்கமான மார்பு சி.டி.யில் சுமார் 7 மில்லிசீவர்ட், குறைந்த கதிர்வீச்சு ஸ்கேனில் சுமார் 1.5 மில்லிசீவர்ட் உடலில் படும். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒருவர் மீது இயல்பாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் படுகிறது. தேவைப்படும் இரண்டு, மூன்று ஸ்கேன்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கருவுற்றிருக்கும் வாய்ப்பு இருந்தால் மட்டும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

நான் புகைபிடித்ததே இல்லை. எனக்கு இந்தக் கவலை தேவையா?

குறைவாகத் தேவை, அறவே தேவையில்லை என்று சொல்ல முடியாது. புகைபிடிக்காத ஆசியப் பெண்களுக்கு, ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றத்தோடு கூடிய நுரையீரல் புற்று வருவது நன்கு அறியப்பட்டது. வீட்டில் பிறர் விடும் புகை, விறகடுப்புப் புகை, கல்நார்த் தூசி ஆகியவையும் காரணங்கள். புகைபிடிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கட்டி என்னவாக இருந்தாலும், இப்போது நிறுத்துவது இனி வரக்கூடிய புற்றின் வாய்ப்பைக் குறைக்கும். சிகரெட் பெட்டியின் மேலேயே அதற்கான இலவச உதவி எண் அச்சிடப்பட்டிருக்கிறது.

மூலிகை, கஷாயத்தால் கட்டியைக் கரைக்க முடியுமா?

ஆறிய வடு எதனாலும் கரையாது. கரைய வேண்டிய தேவையும் இல்லை. தொற்றினால் வந்த கட்டி எதுவும் உட்கொள்ளாமலேயே மறைந்துவிடுவது உண்டு; அப்போது எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. மறு ஸ்கேனை விட்டுவிடாத வரையில் இதைப் பற்றி அதிகம் வாதிடத் தேவையில்லை.

உடல் நலத்தோடு இருப்பவர்களும் முன்னெச்சரிக்கையாக ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா?

மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றால் நேரும் இறப்பு 20 விழுக்காடு குறைந்தது. அவர்கள் அனைவரும் 30 ஆண்டுகள் நாள்தோறும் ஒரு பெட்டி என்ற கணக்கிலோ அதற்கு மேலோ புகைபிடித்தவர்கள். புகைபிடிக்காத ஒருவர் 'முழு உடல் பரிசோதனை'த் தொகுப்பில் சேர்த்து இந்த ஸ்கேனை எடுத்துக்கொண்டால், பயனை விட, பழைய வடு ஒன்றைக் கண்டு பல மாதம் அலைவதற்கான வாய்ப்பே அதிகம்.

புற்று என்று உறுதியானால் நுரையீரலை முழுவதும் எடுத்துவிடுவார்களா?

சிறு கட்டியாக இருக்கும்போதே தெரிந்தால் அதற்கு அவசியம் ஏற்படுவதில்லை. முன்பெல்லாம் கட்டி இருக்கும் மடல் முழுவதையும் எடுப்பதே முறையாக இருந்தது. நுரையீரலின் ஓரப்பகுதியில் உள்ள 2 செ.மீ. வரையிலான புற்றுக்கு, மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலும் பலன் குறைவதில்லை என்று 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வும் 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வும் காட்டியுள்ளன. பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகக் கேமராவைச் செலுத்தியே இதைச் செய்கிறார்கள். அறுவைக்கு முன் ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுத்திறன் சோதனை செய்வார்கள். அதில் போதிய திறன் இல்லாதவர்களுக்கும் இதய நோயால் மயக்க மருந்து கொடுக்க இயலாதவர்களுக்கும், கட்டியை மட்டும் குறிவைத்துச் சில நாட்களில் கொடுத்து முடிக்கும் எஸ்.பி.ஆர்.டி. என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு.